டிகோடர் பெட்டியைத் திருப்பித் தராதது பற்றி தம்போய் கிரகோரி சொன்னது

பெயர்: கிரகோரி த/பெ சவரிமுத்து. வயது: 61. தொழில்: தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். முகவரி: எண் 28, ஜாலான் தஞ்சோங் 5, தம்போய், ஜொகூர் பாரு. படிப்பு: மூன்றாம் படிவம், அதுவும் முக்கித்தக்கி.

மேற்கண்ட வீட்டில் நான் இப்போது தனியாகக் குடியிருக்கிறேன். என் மனைவி அமலோற்பவம் இந்த வருடம் தவக்காலத்துக்கு முன்பு மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டாள். ஒரே மகள் மெலிசா சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்கிறாள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ என்னைப் பேச வைக்கவில்லை. வழக்கமாக என் பேச்சை நிறுத்துவதற்குத்தான் ஆள் தேவைப்படும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்பு என் மனைவி தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிகழ்ச்சியில் கலந்துகொண்டாள். அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் பிறந்தவள் என்பதால் அன்னாசிப் பச்சடி செய்து காட்டினாள். யார் முதலில் ருசி பார்ப்பார் என்று நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரருதான். உப்பு இல்லனாலும் அவருக்குத் தெரியாது, அள்ளிக் கொட்டினாலும் தெரியாது. நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தான் வாயிலயே வைப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். இது நாடு முழுக்க ஒளிபரப்பானது. மறுநாள் என் பஸ்ஸில் ஏறிய தமிழ்ப் பெண்கள் எல்லாரும் என்னிடம் உப்பைப் பற்றி விசாரித்தார்கள்.

அந்த நிகழ்ச்சியை வீட்டு டிகோடர் பெட்டியில் நான் ரெக்கார்ட் செய்தேன். பெட்டி சேனல் இணைப்புத் தரும் கம்பெனிக்குச் சொந்தமானது, எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. மகள் தனக்கு ஒரு காப்பி கேட்டாள். அதன் பிறகு நான் ஒரு ரெக்கார்டர் வாங்கி வந்து வயரைப் போட்டு இணைத்தேன். பெட்டியிலிருந்து நேராக டிவிக்குப் போனால் மனைவி தெரிந்தாள். ரெக்கார்டர் வழியாகப் போனால் திரை கறுப்பாகி, நகல் எடுக்க அனுமதி இல்லை என்று எழுத்து வந்தது. வயரை மாற்றி மாற்றிச் சொருகினேன், எழுத்து மாறவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவி, "ஏங்க, என் மூஞ்சிய நாமளே வெச்சுக்கக் கூடாதாமா? நல்ல சட்டம்லா இது" என்றாள். அதன் பிறகு மகள், "அப்பா, டிவி முன்னால போனைப் பிடிச்சு எடுத்திருங்கப்பா" என்றாள். போனில் எடுத்தால் மங்கலாகத் தெரியும், மேக்கப் போட்டதே வீண் என்று மனைவி தடுத்தாள். பெட்டிக்குள் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு மனைவி இறந்தாள். நாற்பதாம் நாள் ஜெபம் முடியும் வரை சாவு வீட்டில் டிவி போடுவதில்லை, இது எங்கள் வழக்கம். மற்றவர்கள் சுவிட்சை அணைப்பதோடு விடுவார்கள். நான் கம்பெனிக்குப் போன் செய்து இணைப்பையே ரத்து செய்தேன். துக்கத்தை முறையாகச் செய்கிறேன் என்று அப்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஜெபம் முடிந்த பிறகு மறுபடி இணைப்புக் கேட்டேன், பெட்டியில் சொருகப் புதுக் கார்டு அனுப்பினார்கள். அதைப் போட்டதும் எல்லாச் சேனலும் வந்தன. பழைய ரெக்கார்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன, சமையல் நிகழ்ச்சியின் பெயரும் தெரிந்தது. அமுக்கினால் பூட்டுப் படம் வந்தது. பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை என்று கீழே எழுதியிருந்தது.

அதன் பிறகு தொலைக்காட்சி நிலையத்தில் கேட்டேன், தங்களிடம் பிரதி இல்லை என்றார்கள். ஸ்கூடாயில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ரெக்கார்ட் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் ரத்தான பழைய கார்டு மறுபடி வேலை செய்யாமல் யாராலும் படிக்க முடியாது என்றார்கள். வீட்டில் எடுத்த மற்ற வீடியோக்களில் எல்லாம் போனைப் பிடித்தவள் என் மனைவி. அவள் முகம் ஒன்றிலும் இல்லை. இதை மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "பெட்டியில இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை.

சம்பவத்தன்று காலை கம்பெனியிலிருந்து காளியப்பன் என்பவர் வந்து, பழைய மாடல் பெட்டிகளை எடுத்துக்கொண்டு புதுசு வைப்பதாகச் சொன்னார். பழைய ரெக்கார்டுகள் என்னாகும் என்று கேட்டேன். "அது போயிரும் அங்கள். புதுசுல இதைவிட நிறைய பிடிக்கும்" என்றார். அதன் பிறகு நான் கிரில் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, இதுல அமலோற்பவம் இருக்கா. அவ பேசின பிறகு நீங்க போலாம்" என்றேன். நான் கத்தவில்லை, கையில் ஆயுதம் எதுவும் இல்லை, ரிமோட் மட்டும் இருந்தது.

அதன் பிறகு காளியப்பன் தன் ஆபீசுக்குப் போன் செய்தார். ரத்து செய்த கார்டின் ரகசிய எண்ணை அழித்துவிட்டார்கள், கம்பெனியாலும் திறக்க முடியாது என்று அங்கிருந்து சொன்னார்கள். போனை அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானே கேட்டேன். "அலமாக், நீங்களே ரத்து பண்ணுனீங்களா அங்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. நான் மைலோ கலக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார். பிறகு நான் குடித்துப் பார்த்தேன், சீனி போடவில்லை. அவருடைய ஆபீஸ் சொல்லித்தான் போலீஸ் வந்தது. கதவை நானே திறந்துவிட்டேன். பெட்டியைச் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றினார்கள்.

காவல் நிலையத்தில் என் மேல் ரிப்போர்ட் கொடுத்த பிறகு காளியப்பன் என்னிடம், "அங்கள், நான் ரிப்போர்ட்ட மீட்டுக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றார். பெட்டி எங்கே போகும் என்று கேட்டேன். "கம்பெனிக்குத்தான். உள்ள இருக்கிறத அழிச்சிட்டு பழைய இரும்புக்குப் போட்டிருவாங்க" என்றார். வழக்கு முடியும் வரை பெட்டி நிலையத்திலேயே இருக்கும் என்று சார்ஜன் மூர்த்தி விளக்கினார்.

ஆகவே ரிப்போர்ட்டை மீட்க வேண்டாம் என்று காளியப்பனைக் கேட்டுக்கொண்டேன். அவரைப் பூட்டி வைத்தது நான்தான், தெரிந்துதான் பூட்டினேன். வழக்கை விரைவாக முடிக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை.

இதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. மாற்றவோ சேர்க்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)
கிரகோரி

என் முன்னிலையில்:
சார்ஜன் மூர்த்தி