இரண்டு கிண்ணம் சூப்

– என் கிண்ணத்தையும் நீங்களே குடிச்சிருங்க. காலையில இருந்து ரெண்டு வாழைப்பழத்துலயே ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.

– உனக்கு வேணாமா நர்மதா?

– எனக்கு இந்த மீனே போதும். சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க.

– நல்லாத்தான் இருக்கு. ரசம் மாதிரியும் இல்ல, சாம்பார் மாதிரியும் இல்ல. ஒரு நிமிசம், அந்தச் சமைக்கிறவர்கிட்ட இன்னொரு தடவ கேட்டுக்கட்டுமா?

– எத்தன தடவைங்க கேப்பீங்க. உள்ள நொழையறப்ப கேட்டீங்க, உக்காந்ததும் கேட்டீங்க. "தாடா இக்கான், மீனே இல்ல"ன்னு அவரு கைய வேற ஆட்டிக் காட்டினாரு. நம்ம மூக்குக்கு முன்னாடி நின்னுதான் எல்லாத்தையும் செய்யறாரு, எங்க போய் ஒளிக்கப் போறாரு.

– பழக்கம் அப்படி. காஸ் பிளான்ட்ல ஒருத்தன் வால்வ மூடிட்டேன்னு சொன்னா நான் கேட்டுக்க மாட்டேன். நானே போயி தொட்டுப் பாக்கணும்.

– இங்க தொட்டுப் பாத்தீங்கன்னா வெளிய தள்ளிருவாங்க. கை தொடைக்கக் குடுத்த அந்த சுடுதுண்ட நீங்க பிச்சுத் திங்கப் போனதுக்கே பக்கத்து மேசையில சிரிச்சாங்க.

– சுருட்டி தட்டுல கொண்டாந்து வெச்சா நான் என்னன்னு நெனைக்கிறது. சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. கல்யாண நாளு அடுத்த மாசம்தானே. ஏன் இன்னிக்கே போகணும்னு ஒத்தக் கால்ல நின்ன?

– அடுத்த மாசம் உங்களுக்கு ஷிப்ட் மாறிடும். பத்து வருசமா பாக்டரி பஸ்ஸுல இந்த ஜப்பான் கடைய தாண்டித்தான் போறேன், வாரேன். ஒரு நாளாவது உள்ள உக்காந்து பாக்கணும்னு ஆசை, அவ்வளவுதான் லா.

– நீ பச்ச மீன தொடவே மாட்டியே. மார்க்கெட்டுல மூக்கப் பொத்திக்கிட்டு நடப்ப.

– இது அந்த மீனா. வாயில வெச்சதும் வெண்ணெ மாதிரி கரையுது. இந்தப் பச்சக் கலர் விழுதுதான் மண்டைக்கு ஏறுது.

– கண்ணெல்லாம் கலங்கிருச்சு. தண்ணி குடி.

– குடிக்கிறேன். நீங்க அந்த வெள்ளரிக்காச் சோத்த சாப்பிடுங்க.

– நர்மதா, வெள்ளிக்கிழமைய நெனச்சா பயமா இருக்கா உனக்கு?

– சாப்பிடுறப்ப ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்கு.

– நீ பயப்படாத. நான் அவன்கிட்ட தெளிவா பேசிட்டேன். இவ மார்ல இருக்கறது வெறும் கட்டியா இருக்கணும், நான் நாப்பத்தெட்டு நாளு ஒரு கொறையும் இல்லாம இருந்து உனக்குக் காவடி எடுக்கறேன்னு. இன்னிக்கோட நாப்பத்தொண்ணு. நேத்து வரைக்கும் வீட்டுச் சட்டியத் தவிர வேற எதுலயும் கை வெக்கல, இன்னிக்கு நீ கேட்டதாலதான் இங்க. நைட் ஷிப்டுக்குக்கூட டப்பா கட்டிக்கிட்டுத்தான் போனேன். என் பக்கத்துல ஒரு பருக்க தப்பு இல்ல. அப்போ அவனும் தப்ப முடியாது, சரியா?

– முருகனயே அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட வெச்சிட்டீங்க.

– சிரிக்காத. நெஜமாத்தான் சொல்றேன்.

– அண்ணே, டீ ஊத்தட்டுமா? தமிழ்க் கொரல் கேட்டுச்சு, அதான் நானே வந்துட்டேன்.

– ஊத்தும்மா. வாசுகின்னு சட்டையில போட்டிருக்கு. எந்த ஊரு?

– குளுவாங்ணே. இங்க வேலைக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. அண்ணே, கழுத்துல மால போட்டிருக்கீங்க. விரதமா?

– ஆமாம்மா. அடுத்த வாரம் காவடி.

– ஓ. அப்போ இந்த ரெண்டு சூப்புக் கிண்ணமும் அக்கா குடிச்சதுதானே?

– ரெண்டும் நாந்தான் குடிச்சேன். ஏன்?

– ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்.

– இங்க பாரும்மா. சும்மா கேட்ட மொகம் இல்ல இது. என்னன்னு சொல்லு.

– துண்டு மீனு எதுவும் இருக்காதுண்ணே அதுல. ஆனா அந்தத் தண்ணியே மீனுதான். மாசிக்கருவாடு மாதிரி ஒண்ணு இருக்கு. அத மரத்தூளாட்டம் சீவி, கொதிக்க வெச்சு, வடிகட்டி எடுத்துருவாங்க. இங்க எல்லா சூப்புக்கும் அதுதான் தண்ணி. எங்க சமையல்காரருக்கு அது மீனு கணக்குலயே வராதுண்ணே, நமக்கு உப்பு மாதிரி. நீங்க இக்கான் இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு.

– இந்தச் சோறு?

– வெள்ளரிக்காச் சோறு சுத்தம்ணே. அதுக்கு நான் பொறுப்பு. சாரிண்ணே, நான் இப்பத்தான் டூட்டிக்கு வந்தேன். முன்னாடியே பாத்திருந்தா தடுத்திருப்பேன்.

– நீ என்னம்மா பண்ணுவ வாசுகி. அங்க கூப்பிடுறாங்க பாரு, நீ போ. என்னங்க, உக்காருங்க. எங்க எந்திரிக்கிறீங்க?

– பாத்ரூமுக்கு.

– வாந்தி எடுக்கவா? வேணாங்க. நான் சொல்றதக் கேளுங்க. என்னங்க.

– வரல. தொண்ட வரைக்கும் விரல விட்டுப் பாத்தேன். வரவே இல்ல.

– சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு. இந்தாங்க, தொடைங்க. இவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்களேன்னு அந்தப் பொண்ண அனுப்பப் பாத்தேன்.

– ராஜசேகரண்ணனுக்கு போன் அடிச்சேன். எடுக்கல.

– காவடிக் குழுத் தலைவருன்னா, இந்த நேரம் பஜனையில இருப்பாரு.

– அவரு எடுத்தாலும் என்ன சொல்லுவாருன்னு எனக்கே தெரியும். போன வருசம் தியாகராஜன் பொறந்த நாளு கேக்குல முட்டை இருந்தது தெரியாம சாப்பிட்டான். மாலைய கழட்டு, அடுத்த வருசம் மொதல்ல இருந்து ஆரம்பின்னுட்டாரு. தியாகராஜனுக்கு அடுத்த வருசம் இருந்துச்சு. எனக்கு வெள்ளிக்கிழமதான் இருக்கு நர்மதா.

– தெரியாமத்தானே குடிச்சீங்க. இதெல்லாமா சாமி கணக்குல எழுதும்.

– தெரியாம தொறந்த வால்வுன்னா காஸு வெளிய வராதா?

– சாமியும் உங்க பிளான்ட்டும் ஒண்ணாங்க?

– எனக்கு ஒண்ணுதான். நான் ஒழுங்கா இருந்தா ஒழுங்கா நடக்கும். அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இந்த நாப்பத்தோரு நாளும் தூங்கினேன். இப்போ எதப் புடிக்கிறது.

– குடுங்க, கையக் குடுங்க. நான்தானே என் கிண்ணத்தையும் உங்க பக்கம் தள்ளினேன். கோவிக்கணும்னா முருகன் என்னையத்தான் கோவிக்கணும்.

– அப்படிச் சொல்லாத. வாயாலகூட அப்படிச் சொல்லாத. குடிச்சது நான். மீனு வாட அடிச்சுச்சு நர்மதா, மொத வாயிலயே அடிச்சுச்சு. உன் தட்டுல இருந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டேன். பசி. பசியில இன்னொரு வாய் குடிச்சேன்.

– மெதுவா பேசுங்க. எல்லாரும் பாக்கறாங்க.

– பாக்கட்டும். வெள்ளிக்கிழம டாக்டர் அந்த ரிசல்ட் கவரப் பிரிப்பாருல்ல. அதுல கெட்டது ஏதாவது இருந்தா, அது நான் எழுதினது. உன் மொகத்தப் பாக்கறப்பல்லாம் எனக்கு இந்த ரெண்டு கிண்ணந்தான் தெரியும்.

– என்னங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க. நெஜமாவே அப்படித்தான் நெனைப்பீங்களா?

– சாகற வரைக்கும்.

– யாரு என்ன சொன்னாலும்?

– யாரு சொன்னாலும். நான்தான் பண்ணேன்னு எனக்குத் தெரியுமே.

– அப்போ இத நான் சொல்லித்தான் ஆகணும். காவடிய எறக்கி வெக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். வெள்ளிக்கிழம வந்தா, டாக்டர் லீவு, தேதி தள்ளிப் போச்சுன்னு சொல்லிச் சமாளிக்கலாம்னு பாத்தேன்.

– என்ன பேசற நீ?

– நீங்க நிம்மதியா நடந்து போகணும்னு ஆசப்பட்டேன். அதுக்கு முன்னாடி, உங்ககூட ஒரே ஒரு வேள, ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்து சாப்பிடணும்னும் ஆசப்பட்டேன்.

– நர்மதா.

– நான் இன்னிக்கு செனாய் பாக்டரிக்கு வேலைக்குப் போகல. ஆஸ்பத்திரியில இருந்து நேத்தே போன் வந்துச்சு, வெள்ளி வரைக்கும் காத்திருக்க வேணாம், ஒடனே வாங்கன்னு. பக்கத்து வீட்டு மலரக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

– வேணாம். சொல்லாத.

– கைய எடுக்காதீங்க, அப்படியே புடிச்சுக்கிட்டுக் கேளுங்க. அது வெறும் கட்டி இல்லைங்க. ஆனா டாக்டர் அத எங்கிட்ட சொன்னது காலையில பத்து மணிக்கு, நீங்க சூப்ப வாயில வெச்சது சாயங்காலம் ஏழு மணிக்கு.