எல்லாருக்கும் ஒரே அடுப்பு

அக்கா: …அதெல்லாம் முடியாது. இனிமே நம்ம பட்டறையில செய்யற எல்லா கேஸ் அடுப்புலயும் திருகுற இடத்துல இந்தப் புது நாப்தான். திருப்பினா டக்குன்னு சத்தம் வரணும், அணைஞ்சா கைக்குத் தெரியணும்.

தம்பி: முழுசாக் கேளுக்கா. பெரிய டீலர் என்ன சொல்றாருன்னா…

அக்கா: தெரியும். பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு மாடல் போடு, தனிப் பெட்டியில வை. அதானே?

தம்பி: அதுல என்ன தப்பு?

அக்கா: அந்தப் பெட்டி கடையில எங்க இருக்கும்? பரண் மேல. கேட்டாத்தான் எடுப்பான். விலையையும் ஏத்திச் சொல்லுவான்.

தம்பி: கண்ணு தெரியறவங்களுக்கு எதுக்குக்கா இந்த டக்கு டக்கு?

அக்கா: போன வாரம் அணைச்சுட்டேன்னு நெனச்சு, அடுப்பை எரியவிட்டுட்டுப் போனது யாரு?

தம்பி: அது… கண்ணாடி போடல.

அக்கா: ம்.

தம்பி: சிரிக்காத. நம்ம சரக்குல பாதி அவர் கடைக்குத்தான் போகுது. அவர் கைவிட்டுட்டா?

அக்கா: விடட்டும். நான் கடை கடையா ஏறி இறங்குறேன்.

தம்பி: பேச நல்லாத்தான் இருக்கு…

அக்கா: பார்வை இல்லாத ஒரு அம்மாவோட அடுப்பு ரிப்பேருக்கு வந்துச்சே, மறந்துட்டியா? அணைஞ்ச இடம் தெரியணும்னு அந்தம்மா நாப்ல நூல் கட்டி வெச்சிருந்தாங்க. சூட்டுல நூல் கருகி… அவங்க விரலும் வெந்து போச்சு. நம்ம பேர் போட்ட அடுப்புடா அது.

தம்பி: மறக்கல.

அக்கா: அப்புறம் என்ன?

தம்பி: பழைய நாப் செய்யற மோல்டும் ஒரு ஓரமா இருக்கட்டுமேன்னுதான்… ஆத்திர அவசரத்துக்கு…

அக்கா: அது இல்ல.

தம்பி: எது இல்ல?

அக்கா: பழைய மோல்டு. காலையிலயே உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.

தம்பி: என்கிட்ட ஒரு வார்த்தை…

அக்கா: சொன்னா தடுப்ப. இனி நீ தலைகீழா நின்னாலும் பழைய நாப் வராது. போ, போய் உன் டீலர்கிட்டச் சொல்லு.

தம்பி: எந்த மூஞ்சியோட போறது? 'குருட்டு அடுப்பு'ன்னு கடை நடுவுல நின்னு சிரிச்சான்க்கா. இனிமே உனக்கு ஒரு அடுப்புகூடக் கிடையாதுன்னு நானே அவன்கிட்ட சொல்லிட்டு, இறக்கின சரக்கை மறுபடி வண்டியில ஏத்திக் கொண்டுவந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இவ்வளவு நேரமா சுத்தி வளைச்சுக்கிட்டிருக்கேன்.