அவள் பாடிய என் பாட்டு

வெளியே நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஓடுகிறதே ஒரு பாட்டு, அது என்னுடையதுதான், டாக்டர். நான் போட்டதில் ஓடியது அது ஒன்றுதான். ஊரைவிட்டுப் போகிறவன் காதலியிடம் விடைபெறுகிற பாட்டு. கைதட்டலும் துள்ளலுமாக நானே எழுதி நானே பாடியது. கேட்பவர்கள் எழுந்து ஆடுவார்கள். நானும் அதை ஆட்டப் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை மட்டும் ஏன் தனியாகக் கூப்பிட்டீர்கள் என்று தெரிகிறது. என் மனைவியின் காதில் ஒரு கோளாறும் இல்லை. பரிசோதனையில் அப்படித்தான் வந்திருக்கும்.

வீட்டிலேயே சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். ஒருநாள் புது மைக்கைச் சரிபார்க்க யாராவது பாட வேண்டியிருந்தது. "சும்மா நம்ம பாட்டையே பாடேன்" என்றேன். கைதட்டல் எதுவும் இல்லாமல், பாதி வேகத்தில், துணி மடிக்கும்போது முணுமுணுப்பாளே, அப்படிப் பாடினாள். இரண்டாவது சரணம் வந்ததும் மைக்கை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்டேன். போகிறவன் திரும்பி வரப்போவதில்லை, அது இரண்டு பேருக்குமே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுதியவன் நான். இத்தனை வருடம் அந்த வரிகளை மென்று துப்பியிருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிந்தது.

"எப்படிங்க இருக்கு? வெளியில விடலாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் சுதி விலகுது" என்றேன்.

அவள் நம்பவில்லை. மறுநாள் பதிவைப் போட்டுக் காட்டினேன். அதற்குள் கம்ப்யூட்டரில் அவள் குரலின் சுதியை அங்கங்கே ஒரு மயிரிழை இறக்கி வைத்திருந்தேன். பாட வராதவர்களின் குரலைத் தூக்கிவிடுவதுதான் என் பிழைப்பு. இறக்கியது அதுதான் முதல் தடவை.

"பாடும்போது எனக்குச் சரியாத்தானே கேட்டுச்சு?" என்றாள்.

"அதான் பிரச்சினை. உன் காதை யார்கிட்டயாவது காட்டணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் விடாமல் பாடிப் பார்த்தாள். நானும் விடாமல் இறக்கினேன். முதலில் பாட்டை விட்டாள். அப்புறம் காதையே நம்பாமல் போனாள். காலிங் பெல் அடித்தால்கூட எழுந்து போகாமல் என் முகத்தைப் பார்ப்பாள்.

போன வாரம் எங்கள் பாப்பா வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். இவள் என் அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "ஏங்க, பாப்பா அழற மாதிரி இருக்கு. நிஜமாவா, இல்ல என் காதா?"

கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. குழந்தை என்றால் அழத்தானே செய்யும் என்று நினைத்தேன். "உன் காதுதான்" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கை முறிந்து தொங்கியது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "என் பாழாப்போன காதால என் புள்ள கிடந்து துடிச்சிருக்கே" என்று இவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்தினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, டாக்டர். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சொல்லிவிட்டேன். இனி அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்கள். காது நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மறுபடியும் பாட ஆரம்பித்துவிடுவாள்.