சின்ன டிஸ்க்கில் இடம் பத்தல

ஹலோ... ஹலோ, ஷஃபீக்? தம்பி, டெஸ்மண்ட் அண்ணே பேசுறேன், சுங்கை பினாங் ஃபிளாட்டு... ஆமா, ஆமா, லோரி டெஸ்மண்ட்தான். கம்ப்யூட்டர் கடையிலதான இருக்கே?... கூட்டமா?... வைக்காத, வைக்காத லா. ஒரே ஒரு விஷயம். மெதுவாத்தான் பேசுவேன், உன் அண்ணி மார்த்தா குசினியில நிக்கிறா.

நீ குடுத்த அந்தச் சின்ன டிஸ்க்... ஆங், எஸ்எஸ்டி, அதேதான். மாத்திட்டேன்... நானேதான்... கடைக்குக் கொண்டு வான்னு நீ சொன்னே, ஆமா. வீடியோ பார்த்தா ஈஸியாத்தான் தெரிஞ்சிச்சி... ஓடுது, ஓடுது. பட்டுன்னு தொறக்குது. விண்டோஸ் ஏறிடுச்சி, என் லோரி கேமும் ஏறிடுச்சி. அதுல சூசாவும் இல்ல, தொல்லையும் இல்ல.

வந்து... பழைய டிஸ்க்ல மார்த்தாவோட பாட்டெல்லாம் இருந்துச்சி தம்பி. சர்ச்சுல பாடினது. அது காணோம்... தெரியல, தானாப் போயிருக்கும். இப்படி மாத்துறப்ப சிலது காணாமப் போகும்ல?... போகாதா?... இல்ல லா, நான் டிலீட் எதையும் அமுக்கல...

...

சரி. சரி, கத்தாத. அமுக்கினேன்.

இடம் பத்தல தம்பி. பெரிய டிஸ்க்ல உள்ளது சின்னதுல எப்படிப் புடிக்கும்? பத்தாது, பத்தாதுன்னு திரும்பத் திரும்ப அதே எழுத்து வருது. பழைய படம், கல்யாண வீட்டு வீடியோ, எல்லாத்தையும் அழிச்சிப் பார்த்தேன். அப்பவும் பத்தல. கடைசியா பெருசா ரெண்டுதான் மிச்சம். ஒண்ணு என் கேம். ஒண்ணு அவளோட ஃபோல்டர்... ஆமா... ஆமா, பேர் இருந்துச்சி. ‘மார்த்தா பாட்டு’ன்னு அவளே டைப் பண்ணி வச்சது. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அமுக்கினேன்.

...என்ன? கேமைத் தூக்கிட்டு மறுபடி இறக்கியிருக்கலாமா? இறக்கலாம், ஆனா நான் ஓட்டி வச்சதெல்லாம் போயிடுமே... போகாதா?... அது வேற எடத்துல தனியா இருக்குமா? சத்தியமாவா?...

அலாமாக்.

...இருக்கேன், இருக்கேன். சிரிக்காத தம்பி. உனக்கு அது வெறும் கேம். கண்ணு மங்கிப் போயி, லோரிச் சாவியக் கம்பெனியில குடுத்துட்டு வந்த ஆளு நான். தினம் பட்டர்வொர்த் போர்ட்டுல கண்டெய்னர் இழுத்தவன். இப்ப அந்த ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தாத்தான்... விடு. இதச் சொல்லி என்ன பண்றது. தப்பு தப்புதான்.

இரு, வர்றா... ஆங், ஷஃபீக்தான் மார்த்தா. சும்மா பேசிக்கிட்டு இருக்கோம்... லினெட் கிளம்பிட்டாளா?... சரி, சரி, பாட்ட எடுத்து வைக்கிறேன், நீ போ... டீ வேணாம்.

...போயிட்டா. கேட்டல்ல? லினெட்னு ஒரு புள்ள, சர்ச்சு கொயர்ல புதுசா சேர்ந்திருக்கு. சாந்தா அன்னா சர்ச்சுத் திருநாளுக்கு மார்த்தா பாடுற பாட்ட இந்த வருஷம் அந்தப் புள்ளதான் பாடப் போகுது. மார்த்தாவுக்குக் கழுத்துல ஆபரேஷன் ஆச்சில்ல, அதுக்கப்புறம் அந்தக் குரல் வரல. பேசினா பேசலாம், பாட முடியல. அதான் லினெட்டுகிட்ட, ‘எனக்குப் பாடிக் காட்ட முடியாதும்மா, நான் பழைய மாதிரி பாடினது வீட்டுல இருக்கு, வந்து கேட்டுக்கோ’ன்னு சொல்லியிருக்கா. காலையில இருந்து ஸ்பீக்கரத் தொடச்சி வச்சிக்கிட்டு நிக்கிறா, தம்பி.

...வேற எங்கயும் இல்ல. அவ போன்லதான் முன்ன இருந்துச்சி. போன்ல வச்சா போயிடும், கம்ப்யூட்டர்ல போட்டா பத்திரமா இருக்கும்னு... நான்தான் சொன்னேன். ஆமா. நான்தான்.

தம்பி, ஒரு உதவி பண்ணு. இப்ப அவளக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுறேன். பழைய டிஸ்க் தானாச் செத்துப் போச்சி, அண்ணன் மேல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ கடைக்காரன், சொன்னா கேட்டுக்குவா... என்ன?... சரியா? சொல்றியா?...

...

நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். சரின்னுட்டியே... வேணாம் தம்பி. நீ சொன்னா உடனே நம்பிடுவா. நம்பிட்டு, ‘உன் மேல என்னா தப்பு டெஸ்மண்ட், கவலப்படாத’ன்னு எனக்கே ஆறுதல் சொல்லுவா. அத நான் எப்படிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது? வேணாம் லா.

மார்த்தா! இங்க வா... கைய அப்புறம் தொடச்சிக்கலாம், வா... தம்பி, நீ வச்சிடாத. நீ வச்சிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

உக்காரு... சரி, நின்னுக்கிட்டே கேளு. உன் பாட்டு இல்ல... இல்லன்னா, இல்ல. கம்ப்யூட்டர் கெட்டுப் போகல. நான் அழிச்சிட்டேன்... புது டிஸ்க்ல எடம் பத்தல. கேமுக்கு எடம் வேணும்னு உன்னோடத எடுத்துட்டேன்... ம்... ம், அந்த லோரி கேம்தான்... தெரியும். என்னா இருக்குன்னு தெரிஞ்சிதான் எடுத்தேன்... எல்லாமே. ஈஸ்டருக்குப் பாடினதும்தான்... மார்த்தா, திட்டு. ஏதாவது சொல்லு... மார்த்தா...

...ரூமுக்குள்ள போயிட்டா, தம்பி. கதவக்கூட அடிச்சிச் சாத்தல. மெதுவாத்தான் சாத்தினா.

...ஆங்? கேக்குறேன், சொல்லு... அழிச்சப்புறம் ஃபார்மெட் பண்ணேன், பழைய டிஸ்க்கத்தான், அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளதான் மாட்டியிருக்கு... சீக்கிரம் முடியுற மாதிரிதான் அமுக்கினேன்... அது நல்லதா?... அதுக்கு மேல ஏதாச்சும் போட்டேனான்னா... போட்டேன். கேமுக்குப் புது ரோடு மேப்பு ஒண்ணு... பெருசுதான்... சரி, திட்டு, நீயாவது திட்டு... கொஞ்சம் கெடைக்குமா? கொஞ்சம்னா எவ்வளவு?... தொறந்து பார்த்தாத்தான் தெரியும். சரி. பாதிப் பாட்டு வந்தாலும் பரவால்ல தம்பி. ஒண்ணே ஒண்ணு வந்தாலும்... இப்பவே ஆஃப் பண்ணணுமா? எதையும் தொடக் கூடாது, சரி, சரி...

இரு. வெளிய வந்துட்டா. சட்ட மாத்தியிருக்கா, ஹேண்ட்பேக் எடுத்துட்டா... மார்த்தா, டிஸ்க்ல இருந்து கொஞ்சம் எடுக்கலாம்னு ஷஃபீக் சொல்றான்... அவளே போயி சுவிட்ச அணைக்கிறா தம்பி. வயரெல்லாம் கழட்டுறா... என்ன கேக்குற?... கடை எத்தன மணிக்குச் சாத்துவேன்னு உன்கிட்ட கேக்கச் சொல்றா... ஆறு மணியாம் மார்த்தா... ரூமுல இருந்தே போன் போட்டு, லினெட்ட நேரா ஷஃபீக் கடைக்கே வரச் சொல்லிட்டியா?

நாங்க வர்றோம் தம்பி... இல்லயாம். அவ மட்டும் வர்றாளாம். நான் வர வேணாமாம்.

மார்த்தா, லிஃப்ட் ஓடல. ஒம்பது மாடி எப்படி நீ மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்குவே? குடு... நான் பேச மாட்டேன், கீழ வரைக்கும் தூக்கிட்டு வந்து கார்ல வச்சிட்டு நின்னுக்கிறேன்... குடு லா... மெதுவா, மெதுவா, கதவுல இடிக்கும்.

தம்பி, குடுத்துட்டா. ரெண்டு கையும் வேணும், போன வைக்கிறேன்.