நாற்காலியில் முகமில்லாத ஆள்

ஓவியத்தைக் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் உருவம் பிடிபடும். கண்காட்சிகளுக்கு விளக்கம் எழுதியே பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வரைந்தவள் என் தங்கை. சின்ன வயதில் இரண்டு பேருமே வரைந்தோம். அவளுக்குக் கை வந்தது, எனக்கு வாய் வந்தது.

அவளுடைய நாலு வயதுக் குழந்தை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தபின் வெகுநாள் அவள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு இதை வரைந்தாள். மஞ்சள் திரை பறக்கும் திறந்த ஜன்னல். அதற்கு முதுகு காட்டி நிற்கும் ஈரத்தலைப் பெண். ஒரு கை பின்னால் ஜன்னலை நோக்கி நீள்கிறது, மற்றது வாயைப் பொத்துகிறது. மூலையில் நாற்காலியில் ஒரு ஆள், முகமில்லாமல்.

முடித்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்த நாற்காலி தானா வந்துடுச்சு. நீ அன்னிக்குத் தூங்கிட்டுத்தானே இருந்தே?"

அன்று குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். கண்ணயர்ந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவள் கணவர்கூட ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தங்கமான மனுஷன்.

"அது நான் இல்லம்மா, உன் மனசாட்சி," என்றேன். "கையைப் பாரு. பின்னாடி நீளுற கை பிடிக்கப் போகல, திறக்கப் போகுது. இன்னொரு கை அதை வெளிய சொல்லவிடாம வாயைப் பொத்துது. ஜன்னலை யாரு திறந்தா, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் தீட்டலாம். ஞாயிறுதோறும் போனேன். காற்றில் பறக்கும் மஞ்சள் திரை, குழந்தைக்காக அவள் விட்டுக்கொடுத்த சுதந்திரம் என்றேன். ஈரத்தலை, கழுவக் கழுவப் போகாத குற்றம் என்றேன். முதலில் அழுதாள். அப்புறம் சண்டை போட்டாள். கடைசியில் தலையாட்டினாள். கணவரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் பெட்டியோடு கிளம்பிவிட்டார். நேற்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வேண்டுமென்றேதான் ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

சற்றுமுன் நீங்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "படமே பேசுது சார், வேற சாட்சி எதுக்கு?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. படம் எங்கே பேசியது? பேசவைத்தவன் நான்.

நான் தூங்கவில்லை. புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்தது நான்தான். குழந்தை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறியது. "மாமா, இங்க பாரு," என்றது. பார்த்தேன். அதட்டியிருந்தால் இறங்கியிருக்கும். அந்த வாரம்தான் தங்கைக்குத் தனிக் கண்காட்சி முடிவாகியிருந்தது. விளக்கம் எழுத வேறொருவரைக் கேட்டிருந்தாள். அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கத் தோன்றவில்லை. அப்புறம் முக்காலி மட்டும் இருந்தது.

அவள் வாக்குமூலத்தைக் கிழித்துப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய படத்தைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்? வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். முதலில் என்னைத்தான் தேடுவாள்.