காலை ஜெபமும் ஏழு மணிக் கப்பலும்

ஹலோ... அக்கா... ஆமா, டோலினாதான். வீட்லதான் இருக்கேன்... இல்ல, கப்பல்ல நான் ஏறல... தெரியும்க்கா, அக்கரையில உல்லபூல் துறைமுகத்துல மழையில நிக்கற. திட்டு.

ஆமா, ஆமா... இவரை விட்டுட்டு உன்கூடயே வந்துடறேன்னு சொன்னது நான்தான். பெட்டியும் கட்டிட்டேன்... அவர் எங்க தடுத்தார்? மர்டோ என்னிக்கு என் மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்கார், இந்த முப்பத்திநாலு வருஷத்துல? வாசல்ல பெட்டியப் பாத்தார். காலை ஜெபத்துக்கு உக்காந்தார். அவ்வளவுதான்.

அதேதான்... என் குத்தம் குறையெல்லாம் ஜெபத்துலதான வரும். "ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்தி சனிக்கிழமை துணியக் கொடியிலேயே விட்டுட்டா. ஒரு வேலையும் ஆகாத ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் முழுக்க ஊரே பாத்துச்சு. அவளை மன்னியும்..." சிரிக்காத. முழங்கால் போட்டுக் கண்ணை மூடிட்டு இருக்கறவ எப்படிப் பதில் சொல்றது? ஜெபத்துல குறுக்க பேசலாமா?

ம்... இன்னிக்குப் பெட்டியப் பத்தி வத்தி வைப்பார்னு நெனச்சேன். இல்ல. மூடின கண்ணோட, "நீ ஜெபம் பண்ணு"ன்னார்... நிஜமாத்தான். ஆம்பளை இருக்கும்போது பொம்பளை வாய்விட்டு ஜெபம் பண்றது இந்தத் தீவுல எந்த வீட்ல நடந்திருக்கு?

பண்ணேன். "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சேன், நிறுத்தவே முடியல. துணிக்கொடி, அவங்க அம்மா பேசின பேச்சு, ஒரு வார்த்தை பேசாம அவர் சாப்பிட்ட சாப்பாடு... ஒரு மணி நேரத்துக்கு மேல. அவரால ஒண்ணும் சொல்ல முடியல. ஜெபமாச்சே... ம், இப்ப சிரிச்சுக்கோ.

...அதையும் சொன்னேன்க்கா. நம்ம அம்மாவோட கடைசி ஞாயித்துக்கிழமை. ஓய்வுநாள்ல பிரயாணம் கூடாது, திங்கக்கிழமை போலாம்னு இவர் சொன்னது. அங்க ஆஸ்பத்திரியில நீ ஒருத்தியா அம்மா கையப் பிடிச்சுட்டு... சாகக் கெடக்கறவளைப் பாக்கறது இரக்கத்தோட வேலை, அதுக்குத் தடையில்லன்னு போதகரே எத்தனை தடவை சொல்லியிருக்கார். "ஆண்டவரே, இவருக்கும் அது தெரியும். பதினோரு வருஷமா என்னால மன்னிக்க முடியல"ன்னேன்.

அழாதக்கா. நீ காரோட்டிட்டுப் போகணும்.

அவரா... "ஆமென்"ன்னார்... இல்ல, நான் முடிக்கவே இல்ல. நடுவுல சொன்னார், மெதுவா. கண்ணைத் திறந்து பாத்துட்டேன், அந்தத் தப்பும் பண்ணேன். நாற்காலியில முகத்தப் புதைச்சுட்டு இருந்தார். தோள் குலுங்குது.

மணி பாத்தா ஏழே கால், ஏழு மணிக் கப்பல் போயிடுச்சு... சந்தோஷமா? இல்லக்கா. முட்டி வலிக்குது. படுத்தாப் போதும்னு இருக்கு... கஞ்சி குடிச்சார், ஆட்டைப் பாக்கப் போனார்.

மத்தியானக் கப்பலா... ஏறலாம்... ஏறாமலும் இருக்கலாம். எனக்கே தெரியல. அம்மா இறந்த வருஷம் வரைக்கும்தான் சொல்லியிருக்கேன், அதுக்கப்புறம் நடந்ததெல்லாம்... இரு, இரு. அவர் வர்றார்.

...ம்? ...என்ன?

...அக்கா, "மீதியையும் சொல்லு"ங்கறார்... இல்லக்கா, முழங்கால் போடல. நின்னுட்டு என்னைப் பாத்துக் கேக்கறார்... வச்சிடறேன்.