ஓடுற மெஷினுக்கு ஒரு ரிப்பேர்

இல்ல தம்பி, இன்னொரு தடவை பாருங்க. மூடியைக் கழட்டி உள்ள பாருங்க. பட்டனை அமுக்கினா காபி வருதுங்கிறது எனக்கும் தெரியும். அதுவா வரணும். காலைல நான் எந்திரிக்கிறதுக்குள்ள கொட்டையை அரைச்சு, கப்புல காபிய ஊத்தி வச்சிருக்கும். நாலஞ்சு நாளா மூச்சே காட்டல.

நீங்க பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். இது எங்க வீட்டுக்காரரு வாங்கினது. காபி மெஷின் வாங்குறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது. அதோ, பரண்ல பாருங்க, ஒரு கடையே வைக்கலாம்.

கல்யாணமான புதுசுல காபி வடிகட்ட வெறும் துணிதான். நான் துணியை விரிச்சுப் பிடிப்பேன், அவரு ஊத்துவாரு. பாதி தம்ளர்ல, பாதி என் கையில. அப்ப ஒரு நாள் எங்கம்மாவை என்னமோ சொல்லிட்டாரு. நான் முகம் குடுத்தே பேசல. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துரும்? சொல்லல. அடுப்புல வைக்கிற அலுமினியக் கூஜா ஒண்ணை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. கீழ தண்ணி, நடுவுல தூளு, கொதிச்சா காபி மேல ஏறி வரும். அது புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டதைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அங்கதான் கோட்டை விட்டேன். பொண்டாட்டி கோவத்துக்கு மருந்து இதுதான்னு மனுஷன் முடிவே பண்ணிட்டாரு.

கண்ணாடி ஜாடி வச்ச கரண்ட் மெஷின் இருக்கு பாருங்க, காகிதத்துல சொட்டுச் சொட்டா வடியுமே, அது என்னைக் கேக்காம வேலையை விட்டுட்டு வந்ததுக்கு. பக்கத்துல இருக்கிறது காபித்தூள் அடைச்ச குட்டி டப்பி போடுற மெஷின். அது என் தங்கச்சி கல்யாணத்துக்கு வராம போனதுக்கு. அதுல வர்றது காபியா, காபி குடிச்ச தம்ளரைக் கழுவின தண்ணியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

ஒண்ணு கவனிச்சீங்களா? மெஷின் ஏற ஏற அடுப்படில ஆள் குறைஞ்சு போச்சு. துணிக்கு ரெண்டு பேரு வேணும். கூஜாவுக்கு ஒருத்தர் போதும். டப்பிக்கு ஒரு விரல். இதுக்கு அடுப்படிக்கே வர வேண்டாம், எங்கேருந்து வேணாலும் போன்ல தட்டினாப் போதும். இதை எதுக்கு வாங்கினாருன்னு கேக்காதீங்க, அது பெரிய சண்டை.

என்னது, டைமரா? அதெல்லாம் வைக்கல. தினமும் அவரே தட்டுவாரு. ஓ, நெட்டும் ஒழுங்காத்தான் இருக்கா. ம்.

அவரா? இங்க இல்லையே. போய் மாசக்கணக்கா ஆகுது. நான் அந்தப் பழைய துணியை அலமாரில பத்திரமா மடிச்சு வச்சிருந்தேன். அதை எடுத்து இந்த மெஷினைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. கேட்டா, கந்தல்தானேங்கிறாரு. அப்ப உங்க மெஷின் கூடவே குடும்பம் நடத்துங்கன்னேன். மெஷினை விட்டுட்டு அவரு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு.

நான் போன் பண்ணல. அவரும் பண்ணல. ஆனா மறுநாள் விடியக்காலைல இது கர்ருன்னு அரைக்க ஆரம்பிச்சுருச்சு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்க உக்காந்துக்கிட்டு இங்க தட்டுறாரு. அன்னைலேருந்து படுக்கப் போறப்ப தண்ணியும் கொட்டையும் நான் ரொப்பி, கப்பையும் வச்சுருவேன். காலைல அவரு தட்டுவாரு. எங்க பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இப்ப அதுவும் நின்னு போச்சு. உடம்புக்கு ஏதாவதா, இல்ல போதும்னு விட்டுட்டாரான்னு தெரியல. பயமா இருக்கு தம்பி. நாத்தனாரைக் கேக்கலாம்னா ஊரெல்லாம் சொல்லிட்டு வருவாங்க. அவருக்கே போன் பண்ணலாம்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பண்றது? மெஷின் கெட்டுப் போச்சு, வந்து என்னன்னு பாருங்கன்னா பண்ணலாம். ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது, குரலே காட்டிக் குடுத்துரும்.

அதனால மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிராதீங்க. உள்ள ஏதாவது ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போங்க.